கேட்டில் இரண்டு நிமிஷம் நின்ற வண்டி

மோனிகா எங்கள் குழந்தைகள் வார்டை விட்டுப் போய் நாலு மாசம் ஆகிறது. இன்னும் தினம் ஒருவராவது வந்து, "அந்த பொம்மை ஆன்ட்டி எங்க சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். முதல் ஆளுக்குப் பொறுமையாகச் சொல்வேன். இரண்டாவது ஆளுக்கும் சொல்வேன். மூன்றாவது ஆள் கேட்டால் எரிந்து விழுந்துவிடுவேன். என் சுபாவம் அப்படி. இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கும் இந்த ஜோதிலட்சுமிக்கு வாய் நீளம் என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த விஷயம்.

போன வாரம் கேண்டீனில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மோனிகா ஏதோ தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டாளாம், அதனால்தான் நிறுத்திவிட்டார்களாம். எனக்கு வந்ததே கோபம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவளை யாரும் நிறுத்தவில்லை. பவானி என்கிற ஒன்பது வயசுப் பெண் டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் அவளே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். தப்பு நடந்தது உண்மை. அதைச் செய்தது யார் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. பெயர் வேண்டாம். மோனிகா கும்மிடிப்பூண்டிக்காரி. அப்பா பீட்டர் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருக்கு முந்தின தலைமுறை முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். மோனிகா பிளஸ் டூ முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்தாள். நாலாவது வருஷம் மெஷினில் இடது கை ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது. கையில் கட்டோடு இங்கே படுத்திருந்தபோது, ஊசிக்குப் பயந்து அலறுகிற பிள்ளைகளிடம் போய் அந்தக் கட்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாளாம். அதை டிரஸ்ட் அம்மா ஒருவர் பார்த்திருக்கிறார். மூன்று மாசம் மெட்ராஸில் டிரெயினிங் கொடுத்து எங்கள் வார்டுக்கே அனுப்பிவிட்டார்.

சைல்டு லைஃப் ஒர்க்கர் என்று கழுத்தில் அட்டை; விளையாட்டுக் காட்டிப் பிள்ளைகளின் ஆஸ்பத்திரிப் பயத்தைப் போக்குகிற வேலையாம். ஒரு பையில் துணிப் பொம்மை, ஊசி இல்லாத சிரிஞ்சு, கலர் பென்சில், பாம்பு ஏணிப் பலகை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். தலைக்கு மேல் வேலை. இன்னொரு நர்ஸைக் கொடு என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அதைவிட்டு பொம்மை விளையாட ஓர் ஆளா? "சைல்டு லைஃபு நீ பாக்கறேன்னா, நாங்க இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கோம்?" என்று முதல் நாளே கேட்டேன். சிரித்தாள். பாதி விரலால் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. திருவாலங்காட்டிலிருந்து நாய் கடித்த பயல் ஒருவன் வந்தான். நாலு வயசு. அவன் அப்பா வாசலிலிருந்தே, "ஊசி போட மாட்டாங்கடா, டாக்டர் சும்மா பாப்பாரு" என்று சொல்லிக்கொண்டே தூக்கிவந்தார். எல்லா அப்பனும் இதைத்தான் சொல்வான். நாங்களும் கூடச் சேர்ந்து பாடுவோம். அப்புறம் நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசியைக் குத்துவோம். மோனிகா அவன் பக்கத்தில் குந்தினாள். "ஊசி போடுவாங்க. வலிக்கும். மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துடுவாங்க. எந்தக் கையில போடணும்னு நீயே சொல்லு" என்றாள். அந்த ஆள் அவளை அடிக்காத குறைதான். பயல் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு வலது கையை நீட்டினான். அழுதான். ஆனால் கையை இழுக்கவில்லை.

வார்டில் எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் நாளே அவள் ஒன்று சொல்வாள். "உன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். வலிக்கும்னா வலிக்கும்னு சொல்லுவேன்." தீப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டு மாற்றும்போது இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தாள். பிள்ளை ஒரு தடவை "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னால் டாக்டராக இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். பத்து எண்ணின பிறகுதான் மறுபடியும் தொடலாம். ஆரம்பத்தில் எனக்கு அது பேஜாராக இருந்தது. ஒரு மாசத்தில் டிரெசிங் ரூம் அலறல் பாதியாகக் குறைந்தது. அவளிடம் அதை நான் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் அப்படியே ஓடிற்று.

பவானி வந்தது ஆடி மாசம். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நிலபுலன் உள்ள குடும்பம், அப்பா வெங்கடேசன் நெல் பயிர் வைக்கிறவர். காலையில் நாஷ்டா செய்ய அம்மா அமுலு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். கேஸ் டியூப் கசிந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. குபீரென்று பிடித்த நெருப்பில் அவள் முதலில் செய்தது பிள்ளையைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டதுதான். பவானிக்கு இரண்டு காலும் இடது கையும். அம்மாவுக்கு உடம்பில் பாதிக்கு மேல். அம்மாவை மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள், வெங்கடேசன் கூடப் போனார். பிள்ளையை எங்களிடம் சேர்த்தார்கள். அவருடைய தங்கை திலகவதி கூட இருந்து பார்த்துக்கொண்டாள்.

பவானி லேசில் யாரையும் நம்புகிற பிள்ளை இல்லை. மோனிகா கொடுத்த பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. "உன் வெரலு எங்க?" என்று கேட்டது.

"மெஷின்ல மாட்டிக்கினு போச்சு."

"வலிச்சுதா?"

"ரொம்ப. உன் வயசா இருந்தா ஊரையே கூட்டியிருப்பேன்."

அதற்குப் பிறகுதான் பொம்மையை வாங்கிக்கொண்டது. மூன்று தடவை கட்டு மாற்றினோம். ஒட்டியிருக்கிற துணியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து அதுவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தது. ஒரு தடவை "நிறுத்து" சொல்லும், பத்து எண்ணும், பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டும். தினமும் சாயங்காலம் வெங்கடேசன் போன் செய்வார். "நைனா, அம்மாகிட்ட குடு" என்று கேட்கும். அமுலுவால் இரண்டு நாள் பேச முடிந்தது. அப்புறம் மூச்சுக் குழாய் வைத்துவிட்டார்கள். அதையும் மோனிகா பொம்மையின் வாயில் ஸ்ட்ரா வைத்துக் காட்டித்தான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு திலகவதிக்குப் போன் வந்தது. வராண்டாவில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அமுலு விடியற்காலையிலேயே போய்விட்டாளாம். மத்தியானத்துக்குள் உடம்பைக் கொடுத்துவிடுவார்கள், சாயங்காலமே எடுத்துவிடுவதாகப் பேச்சு. திலகவதி வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "புள்ளைக்குத் தெரியக் கூடாது சிஸ்டர்."

மோனிகா இரண்டு பஸ் மாறி ஒன்பதரைக்கு வந்தாள். கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். "மெட்ராஸ்லருந்து ஊத்துக்கோட்டைக்கு வண்டி இந்த ரோட்லதான போவும்? நம்ம கேட்டாண்ட பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லலாம். நான் பவானிகிட்ட சொல்லி, சக்கர நாற்காலியில வெச்சி எறக்கிக்கினு போறேன். அவங்க அம்மாவ ஒரு தடவ பாக்கட்டும் சிஸ்டர். அப்பறம் பாக்கவே முடியாது."

திலகவதி திடுக்கிட்டு எழுந்தாள். "இந்தா பொண்ணு, உனுக்கு இன்னா பைத்தியமா? பச்சப் புண்ணு. பொணக்காத்து பட்டா ஆறவே ஆறாது. நானே இப்ப சாவு ஊட்டுக்குப் போறேன், பதினாறு நாளு கருமாதி முடியிற வரைக்கும் இந்த வார்டு பக்கம் கால் வெக்க மாட்டேன். எங்க ஆளுங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. எங்க வழக்கம் உனுக்கு எப்பிடித் தெரியும்?"

கடைசி வாக்கியத்தில் என்ன இருந்தது என்று மோனிகாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் நிலம் உள்ள வீட்டில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டிலும் சாவுக்குப் போனவர்கள் புண் உள்ளவர் பக்கம் போக மாட்டார்கள். மோனிகா அதைக் காதில் வாங்காதவள் மாதிரி வெங்கடேசனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

அந்த மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அப்புறம், "பாப்பா பயந்துடுமேம்மா. மூஞ்சியெல்லாம் சுத்தி வெச்சிருக்காங்க" என்றார்.

"கை எப்பிடி இருக்குங்க?"

"வலது கை நல்லாத்தான் கீது. வளையல் கூட அப்பிடியே கீது."

"அப்ப கைய மட்டும் காட்டலாங்க. அவ தொட்டுப் பாத்துக்கட்டும். நான் முன்னாடியே எல்லாம் சொல்லித்தான் கூட்டிக்கினு வருவேன்."

பிறகு அவர் கேட்டார்: "பெரிய சிஸ்டர் இன்னா சொல்றாங்க? புண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அவங்க சொல்லட்டும். நான் வண்டிய நிறுத்துறேன்."

மோனிகா போனை என்னிடம் நீட்டினாள். அவள் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. நான் நர்ஸ். கட்டுப்போட்ட புண்ணுக்குப் பிணக்காற்றால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். "ஒண்ணும் ஆவாதுங்க, நிறுத்துங்க" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் புத்தி என்ன நினைத்தது தெரியுமா? கேட்டுக்கு முன்னால் பிணவண்டி, ஒப்பாரி, வார்டு முழுக்கப் பிள்ளைகள் மிரண்டு அழும், பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கத்துவார். போதாக்குறைக்குத் திலகவதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வழக்கப்படியே பண்ணுங்க" என்றேன். "புண்ணு இப்பதான் ஆறிக்கினு வருது. புள்ளைக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேணாம்."

"சரிங்க சிஸ்டர்" என்று அவர் வைத்துவிட்டார்.

மோனிகா என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். பெரிய டாக்டரிடம் போனாள். குடும்பம் வேண்டாம் என்றால் நாம் சொல்லக்கூடாது என்று அவரும் முடித்துவிட்டார்.

பவானியின் கட்டில் ஜன்னல் ஓரம். அங்கிருந்து பார்த்தால் கேட்டும் ரோடும் தெரியும். இரண்டு மணி சுமாருக்கு மோனிகா பாம்பு ஏணிப் பலகையை எடுத்துவந்து, பிள்ளையை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள். வேண்டுமென்றே தோற்றாள். பாம்பு கடித்து இறங்கும்போதெல்லாம், "ஐயோ, என்ன முழுங்கிடுச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பவானி முதலில் லேசாகச் சிரித்தது. அப்புறம் அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வார்டுக்கு வந்த ஒன்பது நாளில் அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் வண்டி வந்தது. நான் மாத்திரை டிரேயோடு ஜன்னலோரம் நின்றிருந்தேன். வெள்ளை வேன், முன்னால் ஒரு மாலை. நேராகப் போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் கேட்டில் நின்றது. திலகவதியை ஏற்றிக்கொள்ள. பின்கதவைத் திறந்து அவள் ஏறினாள், யாரோ கை கொடுத்தார்கள். வெங்கடேசன் முன்சீட்டிலிருந்து இறங்கி, எங்கள் ஜன்னலைத் தேடி மேலே பார்த்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மோனிகாவும் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தாயக்கட்டையை உருட்டினாள்.

அன்று சாயங்காலம் போன் வரவில்லை. "அத்தை எங்க?" என்று பவானி கேட்டது. ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றாள் மோனிகா. அது உண்மை. "அம்மா?" என்று கேட்டது. "மெட்ராஸ்லதான்" என்றாள். அந்தப் பிள்ளையிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய் வெகு நேரம் வரவில்லை.

புதன்கிழமை யாரும் வரவில்லை. வியாழக்கிழமையும் யாரும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் தூக்குப்பையோடு மாமா, சித்தி என்று வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஆயாதான் பவானிக்கு இட்லி ஊட்டினாள். பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் மோனிகாவைக் கூப்பிட்டுக் கேட்டது: "அக்கா, எங்க ஊட்ல யாரு செத்தது?"

நான் பக்கத்துக் கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் கேக்கற?" என்றாள் மோனிகா.

"போன வருசம் எங்க சித்தப்பாவுக்குக் கால்ல மம்முட்டி வெட்டு. அப்ப எங்க பெரிய தாத்தா செத்துட்டாரு. சாவுக்குப் போனவங்க யாருமே சித்தப்பா ரூமாண்ட வரல. அம்மாதான் சொன்னாங்க, புண்ணுகிட்ட வரக்கூடாதுன்னு. எனுக்கும் புண்ணு கீதில்ல?"

பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று எத்தனை பேர் வாயைக் கட்டினோம்! ஒருவரும் வராமல் இருந்தே அவர்கள் வீட்டு ஜனம் அதற்குச் சொல்லிவிட்டது. மோனிகா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆமாம், இரண்டாவது தடவையும் நான்தான்.

"யாரும் இல்ல பவானி" என்றாள்.

வெள்ளிக்கிழமை கட்டு மாற்றுகிற நாள். டிரெசிங் ரூமில் மோனிகா வழக்கம்போல், "இப்ப துணிய எடுப்பாங்க, வலிக்கும், நீ நிறுத்துன்னா நிறுத்திடுவோம்" என்று ஆரம்பித்தாள். பவானி அவளை வெறித்துப் பார்த்தது. "நீ பொய் சொல்ற. நிறுத்த மாட்டீங்க. எல்லாம் பொய்யி" என்று காலை உதறியது. ஆறிவந்த தோல் கிழிந்து ரத்தம் வந்தது. கடைசியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தோம். மூன்று வருஷமாக அந்த ரூமில் யாரையும் அப்படிப் பிடித்ததில்லை. மோனிகா சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை. பிள்ளை கட்டிலுக்குத் திரும்பியதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். சாமிகிட்ட போயிட்டாங்க, நட்சத்திரமாயிட்டாங்க என்று அவள் எதுவும் சொல்லவில்லை.

"பவானி, உங்கம்மா செத்துட்டாங்க. ஒடம்பு ரொம்ப வெந்து போச்சு. டாக்டருங்க எல்லாம் பண்ணிப் பாத்தாங்க, முடியல. நேத்து நீ கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எப்ப?"

"செவ்வாய்க்கெழம காலையில."

"எரிச்சிட்டாங்களா?"

"எரிச்சிட்டாங்க. உங்க நைனாதான் கொள்ளி வெச்சாரு."

"செவ்வாய்க்கெழமதான பாம்பு ஏணி ஆடினோம்?"

"ஆமா."

"நான் சிரிச்சேனே அக்கா."

ஸ்டூல் கட்டில் பக்கம் நகர்கிற சத்தம் கேட்டது.

"எங்கம்மா செத்த அன்னிக்கி நான் சிரிச்சிக்கினு இருந்தேன். உனுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் சிரிக்க வெச்ச." பிறகு கேட்டது: "யாரு என்னாண்ட சொல்ல வேணாம்னு சொன்னது?"

சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருக்க வேண்டும்.

"நான்தான் சொல்லல" என்றாள் மோனிகா. "என் தப்புதான்."

பவானி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் ஆகிறவரைக்கும் மூன்று வாரம், மோனிகாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தினமும் வந்து அந்த ஸ்டூலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாள். கட்டு மாற்றுகிற நாளில், "அந்த அக்கா உள்ள வரக்கூடாது. பெரிய சிஸ்டர்தான் பண்ணணும்" என்று சொல்லிவிட்டது. என்னிடம்தான் காலை நீட்டியது. வலித்தபோது என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க இல்ல சிஸ்டர்?" என்று ஒரு நாள் கேட்டது. மாட்டேன் என்றேன்.

ஊருக்குப் போகிற அன்று மொட்டைத் தலையோடு வெங்கடேசன் வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பவானி அவர் கையைப் பிடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கியது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் விடவில்லை. ஆட்டோ கிளம்பும்போது நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.